முக்கால் டாலர் கணக்கு

பழைய காலத்து ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளைகளை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். இரவு கடை கட்டும் சமயம் பெட்டியில் நூறு ரூபாய் குறைந்தால் அவர் அவ்வளவாகப் பதறமாட்டார். முதலாளி எடுத்திருப்பார், அல்லது யாருக்கோ கொடுத்ததைப் பதிய மறந்திருப்பார்கள். விசாரித்தால் விடிவதற்குள் தெரிந்துவிடும். ஆனால் காலணா குறைந்துவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டு பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கிவிடுவார். "போனால் போகிறது, காலணாதானே!" என்று யாராவது சொன்னால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். காலணா போனதற்காக அவர் வருந்துவதில்லை; அது போன வழி தெரியவில்லையே என்பதுதான் அவருடைய கவலை.

இப்படிப்பட்ட ஒரு கணக்குப்பிள்ளையின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அவர் ஜவுளிக் கடையில் இருந்தவர் அல்ல. அமெரிக்காவில் நட்சத்திரங்களை ஆராய்ந்துகொண்டிருந்த வான சாஸ்திரி. அவர் கணக்கில் குறைந்தது முக்கால் டாலர். அந்த முக்கால் டாலரைத் தேடிக்கொண்டு போனவர், கடல் கடந்து ஜெர்மனியில் ஓர் ஒற்றர் கூட்டத்தின் வாசலில் போய் நின்றார். கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பைப் பற்றி இன்று உலகம் பேசும் முக்கியமான விஷயங்கள் அனைத்தும் இந்த ஒரு கதைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. நம் வீட்டுப் பணமும் பத்திரங்களும் கைக்கடக்கமான டெலிபோனுக்குள் போய்விட்ட இந்நாளில், இது அமெரிக்கர்களின் கதைதானே என்று நாம் இருந்துவிட முடியாது.

வான சாஸ்திரிக்கு வந்த வேலை

கலிபோர்னியா மாகாணத்தில் பெர்க்லி என்ற ஊரில், குன்றின் மேல் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலை இருக்கிறது. அங்கே தூரதர்சினிக் கண்ணாடிகளைப் பற்றி ஆராய்ந்துவந்த கிளிஃபோர்டு ஸ்டோல் என்பவருக்கு 1986-ம் ஆண்டில் மானியப் பணம் தீர்ந்துபோயிற்று. வேலையை விட்டு நீக்குவதற்குப் பதிலாக அவரை அதே ஆராய்ச்சிசாலையின் கம்ப்யூட்டர் பகுதிக்கு மாற்றினார்கள். அப்பகுதி கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பாதாளத்துக்கு வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம்.

அந்நாளில் கம்ப்யூட்டர் ஒன்றை அநேக விஞ்ஞானிகள் பங்குபோட்டுக்கொண்டு உபயோகித்தார்கள். யார் எவ்வளவு நேரம் உபயோகித்தார்கள் என்பதற்குக் கணக்கு எழுதி, அதற்குரிய பணத்தை அவரவர் இலாகாவிடம் வசூலிப்பது வழக்கம். கணக்கு எழுதுவதற்கு இரண்டு புரோகிராம்கள் இருந்தன. ஒன்று கம்ப்யூட்டரோடு வந்தது. மற்றது ஆராய்ச்சிசாலையார் தாமே எழுதிக்கொண்டது. ஆகஸ்டு மாதத்தில் ஸ்டோல் புது வேலையில் சேர்ந்ததும் அவரிடம் ஒப்படைத்த காரியம் மிகவும் அற்பமானது. இரண்டு கணக்குகளுக்கும் எழுபத்தைந்து சென்ட் வித்தியாசம் வருகிறது. அது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பின்னங்களைக் கூட்டுவதில் வந்த பிழையாக இருக்கலாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். கணக்கைத் தோண்டிப் பார்த்தபோது பிழை ஏதும் இல்லை. 'ஹண்டர்' என்ற பெயரில் ஒருவர் முக்கால் டாலருக்குரிய நேரம் கம்ப்யூட்டரை உபயோகித்திருக்கிறார். ஆனால் அவருக்குரிய பில்லை யாருக்கு அனுப்புவது என்ற விவரம் எங்கும் பதியப்படவில்லை. முறைப்படி சேர்க்கப்பட்டவருக்கு இப்படி இருக்க நியாயமில்லை. பந்தியில் ஒரு இலை கூடுதலாக விழுந்திருக்கிறது. உட்கார்ந்தவர் மாப்பிள்ளை வீட்டாரும் அல்ல, பெண் வீட்டாரும் அல்ல!

ஸ்டோல் அந்தப் பெயரை அழித்தார். சில தினங்களில் வேறோர் இடத்திலிருந்து புகார் வந்தது: "உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தார்கள்." புகார் அனுப்பியவர்கள் சாமானியர்கள் அல்ல, அமெரிக்க சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிலையத்தின் இயந்திரத்தை நிர்வகிப்பவர்கள். அந்த நேரத்தில் பெர்க்லி கம்ப்யூட்டரில் இருந்தவர் யார் என்று பார்த்தால், 'ஸ்வென்டெக்' என்ற உண்மையான உத்தியோகஸ்தரின் பெயர் இருந்தது. அவரோ அப்போது இங்கிலாந்தில் இருந்தார். ஆள் இங்கிலாந்தில், பெயர் பெர்க்லியில். அவர் பெயரைப் போர்த்துக்கொண்டு வேறு யாரோ உள்ளே உலாவிக்கொண்டிருக்கிறார் என்பது நிச்சயமாயிற்று.

"நீ யார்?" என்ற கேள்வி

கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. வாசலில் வந்து நிற்பவர் யார் என்பதை அது எப்படி அறியும்? இந்தக் கேள்வி மிகவும் பழைமையானது. அசோகவனத்தில் சீதாதேவியின் முன் வந்து நின்ற அனுமான், "நான் ராமதூதன்" என்றான். தேவி உடனே நம்பிவிடவில்லை. சந்நியாசி வேஷத்தில் வந்தவனை நம்பிப் பட்ட கஷ்டம் போதாதா? ராமனின் அங்க அடையாளங்களைச் சொல்லச் சொன்னாள். மற்றவர்கள் அறிய முடியாத விவரங்களைக் கேட்டாள். கணையாழியைக் கண்ணால் கண்டாள். அதன் பிறகே அவள் மனம் தெளிந்தது.

இன்றைய கம்ப்யூட்டர் சாஸ்திரிகள் சொல்லும் மூன்று அத்தாட்சிகளும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. முதலாவது, ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று; அதாவது கடவுச்சொல். இரண்டாவது, ஒருவரிடம் மட்டும் உள்ள ஒன்று. கணையாழியைப் போல ஒரு கார்டு அல்லது டெலிபோன். மூன்றாவது, அவருடைய அங்கத்தோடு பிறந்த ஒன்று. கைரேகை, கண்ணின் கருவிழி முதலியன.

இவற்றில் கடவுச்சொல்லே மலிவானது. ஆகையால் அதுவே எங்கும் பரவியது. 1960-களின் தொடக்கத்திலேயே மாஸசூஸெட்ஸ் தொழிற்கலைக் கழகத்தின் பொதுக் கம்ப்யூட்டரில் கடவுச்சொல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அது வந்த கொஞ்ச நாளிலேயே அதைத் திருடும் வித்தையும் வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. தமக்கு ஒதுக்கிய நேரம் போதாத ஒரு மாணவர், 1962-ம் ஆண்டில், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய ஜாபிதாவையே அச்சடித்துத் தரும்படி கம்ப்யூட்டருக்கு ஒரு துளைச்சீட்டில் உத்தரவு எழுதிப் போட்டார். கம்ப்யூட்டர் பணிவுடன் அச்சடித்துக் கொடுத்துவிட்டது!

இதற்கு ஒரு பரிகாரம் தேடினார்கள். கடவுச்சொல்லை உள்ளபடியே எழுதிவைப்பதை விட்டு, அதை அரைத்து மாவாக்கி மாவை மட்டும் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தார்கள். மாவைப் பார்த்து அரிசியைச் செய்ய முடியாது. உபயோகிப்பவர் வந்து சொல்லைக் கொடுத்தால் அதையும் அப்பொழுதே அரைத்து, இரண்டு மாவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். அப்படியானால் திருடன் மாவை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வான்? அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லாக எடுத்துத் தன் வீட்டு யந்திரத்தில் அரைத்துப் பார்ப்பான். எது ஒத்துப்போகிறதோ அதுதான் சாவி. பெர்க்லியில் நுழைந்தவன் இந்தக் காரியத்தைத்தான் செய்தான். கடவுச்சொல் ஜாபிதாவை வாரிக்கொண்டு போனான். சில காலம் கழித்து, அதிலுள்ளவர்களின் பெயரில் நேர் வழியாகவே உள்ளே வந்தான். அகராதிச் சொல்லைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள்.

இப்படி ஆகும் என்று 1979-லேயே ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் என்ற இரு நிபுணர்கள் எச்சரித்திருந்தார்கள். அவர்கள் சேகரித்துப் பார்த்த 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது நூற்றுக்கு எண்பத்தாறு, எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்தன. ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்த புண்ணியவான்கள் பதினைந்து பேர்! ஆகையால் ஒவ்வொருவருடைய சொல்லோடும் வெவ்வேறு 'உப்பு' சேர்த்து அரைக்கும்படி அவர்கள் முறை வகுத்தார்கள். உப்பு என்பது நமது உபமானம் அல்ல. அவர்களே இட்ட பெயர். உப்பு வேறானால் மாவும் வேறாகும். ஒரு முறை அரைத்துப் பார்த்து எல்லோருடைய பூட்டையும் திறந்துவிட முடியாது. இந்த முறை இன்றளவும் வழக்கில் இருக்கிறது.

காக்கைக் கூட்டில் குயிலின் முட்டை

பிறர் பெயரில் வாசலைத் தாண்டி வந்தவனுக்கு உள்ளே ஓர் அறைக்குத்தான் அனுமதி. ஆனால் இவனோ எல்லா அறைகளின் சாவிக் கொத்தையும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தான். அது எப்படிக் கிடைத்தது?

விஞ்ஞானிகள் கட்டுரை எழுதுவதற்கும் கடிதங்கள் படிப்பதற்கும் 'ஈமாக்ஸ்' என்ற புரோகிராமை உபயோகித்தார்கள். கடிதங்களை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்த்த அதில் ஓர் உறுப்பு உண்டு. பெர்க்லி கம்ப்யூட்டரில் அந்த உறுப்புக்கு நிர்வாகியின் முழு அதிகாரமும் அளிக்கப்பட்டிருந்தது. தபால்காரருக்கு வீட்டின் இரும்புப் பெட்டிச் சாவியைக் கொடுத்து வைப்பது போலத்தான். எந்தக் கடிதத்தை எங்கே வைக்கச் சொன்னாலும் அது மறுபேச்சின்றி வைத்துவிடும். வைக்கும் இடம் பூஜை அறையா, பொக்கிஷ அறையா என்று கேட்காது.

அதே கம்ப்யூட்டரில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானாகவே ஓடி, வீட்டைப் பெருக்குவது போன்ற வேலைகளைச் செய்யும் புரோகிராம் ஒன்றும் இருந்தது. வந்தவன், தான் எழுதிய போலிப் புரோகிராம் ஒன்றைக் 'கடிதம்' என்று சொல்லி அந்த இடத்தில் வைக்கச் செய்தான். ஐந்து நிமிஷத்துக்குள் கம்ப்யூட்டர் அதைத் தன் சொந்தப் பிள்ளை என்றே நம்பி ஓட்டியது. ஓடிய அக்கணமே அவன் சர்வாதிகாரியாகிவிட்டான். பிறகு பழைய புரோகிராமை இருந்த இடத்தில் வைத்து, தடயத்தைத் துடைத்துவிட்டான்.

குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காக்கை அதையும் தன் முட்டையென்றே அடைகாக்கும். நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த இவ்விஷயத்தையே ஸ்டோல் பின்னால் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார். 'குயிலின் முட்டை' என்று பொருள்படும் அந்தப் புத்தகம் 1989-ல் வெளிவந்தது.

ஐம்பது அச்சு யந்திரங்கள்

ஆள் நுழைந்திருக்கிறான் என்று தெரிந்தவுடன் கதவை இழுத்துச் சாத்துவதுதான் எவருக்கும் தோன்றும். ஸ்டோல் அப்படிச் செய்யவில்லை. சாத்தினால் அவன் வேறு ஜன்னல் வழியாக வருவான். யார், எங்கிருந்து வருகிறான், என்ன தேடுகிறான் என்பது ஒரு நாளும் தெரியாது. ஆகவே அவன் அறியாமல் அவனைக் கவனிப்பதென்று தீர்மானித்தார்.

வெளியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு ஐம்பது கம்பிகள் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஸ்டோல் அறை அறையாகச் சென்று, சகாக்களின் மேஜைகளில் இருந்த அச்சு யந்திரங்களையும் டெர்மினல்களையும் அள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றை மாட்டிவிட்டு அவற்றின் நடுவிலேயே படுத்துத் தூங்கினார். கம்ப்யூட்டருக்குள்ளேயே கண்காணிப்புப் புரோகிராம் எழுதி வைத்திருக்கலாம். ஆனால் வந்தவன் நிர்வாகியின் அதிகாரம் பெற்றவன். அதைக் கண்டு அழித்துவிடுவான். அச்சு யந்திரமோ கம்பியின் மேல் ஒட்டுக்கேட்பது. அது இருப்பதே உள்ளிருப்பவனுக்குத் தெரியாது. காவலாளியைத் திருடனின் கைக்கு எட்டாத இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற பெரிய தத்துவம் இதில் அடங்கியிருக்கிறது.

மறுநாள் பார்த்தபோது ஒரு யந்திரத்திலிருந்து எண்பது அடி நீளக் காகிதம் வெளியே வந்து கிடந்தது. வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அதில் பதிந்திருந்தது. அது முதல் ஏறக்குறைய பத்து மாத காலம் ஸ்டோல் அவனைக் கவனித்து, ஒவ்வொரு வருகையையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் தேதி, நேரத்தோடு எழுதிவைத்தார். பெர்க்லி ஆராய்ச்சிசாலையில் ராணுவ ரகசியம் ஏதும் இல்லை. அவன் அதை வழிச் சத்திரமாக மாத்திரம் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ராணுவக் கம்ப்யூட்டர்களின் கதவுகளைத் தட்டினான். சுமார் 450 கம்ப்யூட்டர்களை முயன்று பார்த்ததில் முப்பதுக்கு மேற்பட்டவை திறந்துகொண்டன. அவற்றை அவன் அபூர்வ வித்தை எதனாலும் திறக்கவில்லை. 'சிஸ்டம்' என்ற பெயருக்கு 'மானேஜர்' என்றும், 'ஃபீல்டு' என்ற பெயருக்கு 'சர்வீஸ்' என்றும் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொற்களை, வாங்கியவர்கள் பல இடங்களில் மாற்றவே இல்லை! உள்ளே போனதும் 'அணு', 'ஏவுகணை' என்பன போன்ற சொற்கள் வரும் காகிதங்களைத் தேடினான். ஆபத்தான எதையாவது அவன் படிக்கத் தொடங்கினால், ஸ்டோல் தம் சாவிக் கொத்தை எடுத்துக் கம்பியின் முனைகளில் உரசுவார். கம்பியில் இரைச்சல் எழும். டெலிபோன் கோளாறு என்று நினைத்து அவன் போய்விடுவான்.

அமெரிக்க போலீஸ் இலாகாவினர் இதில் ஆரம்பத்தில் சிரத்தை கொள்ளவில்லை. "நஷ்டம் எவ்வளவு?" என்று கேட்டார்கள். "முக்கால் டாலர்" என்ற பதிலைக் கேட்டு அவர்களுக்கு உற்சாகம் பிறக்கவில்லை. ஆயினும் ஸ்டோல் விடவில்லை. டெலிபோன் கம்பெனிகளின் உதவியோடு தடம் பிடித்துக்கொண்டே போனதில் வழி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி ஜெர்மனிக்குச் சென்று, பிரேமன் ஸர்வகலாசாலை வழியாக ஹானோவர் நகரில் போய் முடிந்தது. அங்கே டெலிபோன் நிலையம் பழைய மாதிரியானது. ஆள் நீண்ட நேரம் தொடர்பில் இருந்தால்தான் வீட்டைக் கண்டுபிடிக்க முடியும். அவனை உட்காரவைப்பது எப்படி?

ஸ்டோலின் தோழி ஒரு யோசனை சொன்னாள். 'நட்சத்திர யுத்தம்' என்று அப்போது பேசப்பட்ட ராணுவத் திட்டத்தைப் பற்றியவை போலப் பொய்க் காகிதங்களை மூட்டை மூட்டையாகத் தயாரித்து அவன் கண்ணில் படும்படி வைப்பதுதான் அந்த யோசனை. 1987-ம் ஆண்டு ஜனவரியில் எலி வடையைக் கவ்வியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து அவன் அவற்றைப் பிரதி எடுத்தான். ஹானோவரில் தடம் அகப்பட்டது. அது மட்டுமல்ல. "மேலும் விவரங்களுக்கு இந்த விலாசத்துக்கு எழுதுக" என்று பொய்க் காகிதத்தில் கண்டிருந்ததை நம்பி, சில மாதங்களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து ஒருவர் நிஜமாகவே கடிதம் எழுதிக் கேட்டார். ஜெர்மனியில் களவாடிய செய்தி வேறு கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஹானோவர் வாசியான மார்க்குஸ் ஹெஸ் என்ற வாலிபனும் அவன் கூட்டாளிகளும் சோவியத் உளவு ஸ்தாபனமான கே. ஜி. பி.க்குச் செய்திகளை விற்றுப் பணம் பெற்றார்கள் என்பது 1989-ல் வெளியாயிற்று. 1990-ல் ஜெர்மன் நியாயஸ்தலம் மூவருக்குத் தண்டனை விதித்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டபடியால் சிறைக்குப் போகாமல் தப்பினார்கள்.

புலிப் படை

"திருடன் வந்த பிறகு காவல் காப்பது ஒரு புறம் இருக்கட்டும், வருமுன் ஓட்டையை அடைக்கக் கூடாதா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தன் வீட்டு ஓட்டை தன் கண்ணுக்குத் தெரியாது என்பது உலக அநுபவம். அதற்காகவே 1970-களில் அமெரிக்க விமானப் படையினர், தங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் தாங்களே ஆட்களை ஏவி உடைத்து நுழையச் சொல்லிப் பார்த்தார்கள். இப்படி ஏவப்பட்டவர்களுக்குப் 'புலிப் படை' என்று பெயர். புலிகள் பெரும்பாலும் வெற்றியோடுதான் திரும்பின.

இரவு ரோந்து வருபவர் மாறுவேஷத்தில் தம் கோட்டைக் கதவையே தள்ளிப் பார்ப்பது போன்ற இந்தச் சோதனை இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 1995-ல் இரண்டு நிபுணர்கள், கம்ப்யூட்டர்களின் பலவீனங்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம் ஒன்றை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். அதற்குச் 'சாத்தான்' என்று பெயரும் வைத்தார்கள். திருடர்களுக்கு உளி செய்து கொடுக்கிறார்களே என்று பெருங்கூச்சல் எழுந்தது. உளி திருடர்களிடம் ஏற்கெனவே இருந்தது, வீட்டுக்காரர்களிடம்தான் இல்லை. பெர்க்லியில் தபால் உறுப்பின் அதிகாரத்தை யாராவது ஒரு நாள் சோதித்துப் பார்த்திருந்தால் குயில் முட்டையிட இடம் இருந்திருக்காது.

சோதிக்காத ஓட்டைகள் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு 1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி உதாரணமாயிற்று. ஒரு மாணவர் எழுதி விட்ட புரோகிராம், புழுவைப் போலத் தானே நெளிந்து கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பரவியது. எல்லாருக்கும் தெரியக்கூடிய சில ஓட்டைகளையும், 432 சொற்கள் கொண்ட ஒரு கடவுச்சொல் ஜாபிதாவையும்தான் அது ஆயுதமாகக் கொண்டிருந்தது. சுமார் ஆறாயிரம் கம்ப்யூட்டர்கள் தாக்குண்டன என்று அன்று மதிப்பிட்டார்கள். அந்த மாணவர் வேறு யாருமல்ல. கடவுச்சொல்லின் பலவீனத்தை 1979-ல் எடுத்துக்காட்டிய ராபர்ட் மாரிஸின் குமாரர்! விதியின் விளையாட்டுக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. அந்த விபத்துக்குப் பிறகே இப்படிப்பட்ட அபாயங்களுக்கென்று அமெரிக்காவில் ஓர் அவசர நிலையம் ஏற்பட்டது. நம் தேசத்தில் அதே நோக்கத்தோடு 'செர்ட்-இன்' என்னும் ஸ்தாபனம் 2004-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

காவலாளிக்கு எது தெரிய வேண்டும்?

ஸ்டோல் கண்விழித்துச் செய்த வேலையை இன்று யந்திரங்களே செய்கின்றன. 1980-ல் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்பவர், கம்ப்யூட்டரின் தினசரிக் குறிப்புகளைப் பரிசீலித்தே அந்நியரைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். 1987-ல் டாரதி டென்னிங் என்ற பெண்மணி அதற்கு ஒழுங்கான முறை வகுத்துக் கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: ஒவ்வொருவருக்கும் ஒரு வாடிக்கை உண்டு, எந்த நேரத்தில் வருவார், எதைத் திறப்பார், எவ்வளவு எடுப்பார் என்பது சில நாளில் தெரிந்துவிடும். வாடிக்கை திடீரென்று மாறினால் மணி அடிக்க வேண்டும். பகலில் மாத்திரம் வரும் குமாஸ்தா நள்ளிரவில் வந்து பேரேட்டை முழுதும் பிரதி எடுத்தால், அவர் கையில் சரியான சாவி இருந்தபோதிலும், "யாரையா அது?" என்று கேட்பவன்தான் காவலாளி.

இதில் ஒரு தர்மசங்கடமும் இருக்கிறது. எலி ஓடினாலும் குரைக்கிற நாயின் குரலை நாளடைவில் வீட்டார் பொருட்படுத்தமாட்டார்கள். எதற்கும் குரைக்காத நாயோ இருந்தும் இல்லாததே. எத்தனை நுட்பமான யந்திரமானாலும், அடித்த மணியைக் கேட்டு எழுந்து போய்ப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். முக்கால் டாலர் வித்தியாசம் இருக்கிறது என்று பெர்க்லியில் புரோகிராம்தான் சொல்லியது. அதை அற்பம் என்று தள்ளாதவர் ஸ்டோல்.

நம் வீட்டு வாசல்

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2009-ம் ஆண்டு ஆகஸ்டு முதல், இண்டர்நெட்டில் கார்டு மூலம் பணம் செலுத்துவோருக்கு இரண்டாவது அத்தாட்சி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று இந்திய ரிஸர்வ் பாங்கு ஏற்பாடு செய்தது. டெலிபோனுக்கு வரும் ஒரு தடவை எண், அந்த இரண்டாவது அத்தாட்சியாக நம் வீடுகளில் பழகிப்போயிற்று. அதுவே நம்முடைய கணையாழி. பூட்டை உடைக்க முடியாத திருடன் இப்போது என்ன செய்கிறான்? பாங்கு உத்தியோகஸ்தர் என்றும், போலீஸ்காரர் என்றும் வேஷமிட்டு டெலிபோனில் பேசி, கணையாழியை நம் கையாலேயே கழற்றித் தரும்படி கேட்கிறான். பிக்ஷைக்கு வந்த சந்நியாசியின் கதைதான் இது. கோடு எவ்வளவு பலமானதாக இருந்தாலும், நாமே தாண்டி வெளியே வந்தால் அது என்ன செய்யும்?

ஆகையால் சில விஷயங்களை வீட்டுக்கு வீடு சொல்லிவைப்பது நல்லது. ஒரு தடவை எண்ணை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. உண்மையான பாங்குக்காரர் அதைக் கேட்கமாட்டார். கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும், திருடனுக்கும் எட்டாது. மாதம் தவறாமல் அதை மாற்றிக்கொண்டேயிருக்கச் செய்வது அவசியமில்லை என்றும், வெளியாகிவிட்டது என்று தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்றும் அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனமே 2017-ல் அறிவித்திருக்கிறது. ஆனால் பாங்குக்கு ஒரு சொல், கடிதங்களுக்கு ஒரு சொல் என்று வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒரே சாவியால் வீட்டையும் பெட்டியையும் திறக்கும்படி எவரும் வைப்பதில்லை அல்லவா? புதிதாக வாங்கிய சாதனத்தில் தொழிற்சாலையார் வைத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். டெலிபோனில் புரோகிராம்களைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்; கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. பணம் பறிபோனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து புகார் கொடுக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் பணம் கைமாறிக்கொண்டே போகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாங்குக் கணக்கை வாரம் ஒரு முறையாவது பார்க்கும் வழக்கம் வேண்டும். நாம் செலவு செய்யாத ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கணக்கில் குறைந்திருந்தால், "போனால் போகிறது" என்று இருந்துவிடக் கூடாது. பூட்டுச் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் திருடன் முதலில் எடுப்பது சிறு தொகையாகவும் இருக்கலாம்.

வீட்டில் வயதான பாட்டியார் பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டுவைத்து, மாதக் கடைசியில் ஒரு கோடு அதிகமானாலும் பால்காரரை நிறுத்திக் கேட்பார்கள். அதைக் கண்டு நாம் சிரித்ததுண்டு. இனிமேல் சிரிக்க வேண்டாம். பெர்க்லியில் ஓர் ஒற்றர் கூட்டத்தைப் பிடித்துக் கொடுத்தது அந்தக் கரிக்கோடுதான்.